மடிக்கணினி கிராபிக்ஸ் மேம்பாடு

மடிக்கணினியின் கிராபிக்ஸ் சில்லை மாற்றியோ, வெளியிலிருந்து ஓர் அட்டையை இணைத்தோ அதன் காட்சித் திறனைக் கூட்டுவதே கிராபிக்ஸ் மேம்பாடு. ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தில் இது கேம் ஆடுவோருக்கு மட்டுமான தேவை அன்று. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் போன்ற ஆலைகள் உள்ள இப்பகுதியில் டை, ஃபிக்சர் வடிவமைப்போருக்கு சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் அன்றாடக் கருவி. நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்ப்ளியைத் திரையில் சுழற்றும்போது படம் திக்கினால் வேலையே தேங்கும்.

பெரும்பாலான மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் சில்லை மாற்ற முடியாது. பின்மூடியைக் கழற்றி, செப்புக் குழாய்களைத் தூக்கி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்தால் பளபளக்கும் சில்லு தெரியும். அதன் அடியில் நூற்றுக்கணக்கான பற்றாசுக் குண்டுகள் அதை மதர்போர்டோடு பிணைத்திருக்கும். சிப் லெவல் சர்வீஸ் கடைகள் செய்யும் ரீபாலிங், இந்தக் குண்டுகளைப் புதுப்பிக்கும் பழுதுநீக்கம்தான். அதனால் வேகம் கூடாது. வேறு ரகச் சில்லை அங்கே பொருத்தினால் மின்சுற்று, நினைவகம், பயாஸ் எல்லாம் ஒத்துவருவது அரிது.

எம்எக்ஸ்எம் மடிக்கணினிகள் இதற்கு விலக்கு. என்விடியா 2000களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த இந்த முறையில், கிராபிக்ஸ் தனி அட்டையாக ஸ்லாட்டில் செருகித் திருகப்படும். டெல் பிரிசிஷன் எம்6800, தொடக்ககால எச்பி ஸெட்புக் 17 ஆகியவை இவ்வகை. புது அட்டைக்கு ஏற்ற ஹீட்சிங்க்கும் பயாஸ் ஆதரவும் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 2019-இல் வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம், மேம்படுத்தக்கூடியது என்றே விற்கப்பட்டது. அடுத்த தலைமுறை அட்டைகள் அதில் பொருந்தாததால், 2021-இல் கலிபோர்னியாவில் டெல் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16 சொன்னதைச் செய்தது: 2024-இல் ஏஎம்டி ரேடியான் தொகுதியோடு வந்த அதே கணினிக்கு, 2025-இல் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 தொகுதி அறிவிக்கப்பட்டது.

மற்றவர்களுக்கு உள்ள வழி, தண்டர்போல்ட் வழியாக இணைக்கும் வெளி அட்டை. தண்டர்போல்ட் 3 இணைப்பின் வேகம் நொடிக்கு 40 ஜிகாபிட். மேசைக்கணினியில் 16 தரவுத் தடங்களில் ஓடும் அட்டைக்கு இங்கே கிடைப்பவை 4 தடங்களே. வேகம் ஓரளவு குறையும். மானிட்டரை நேரே அட்டையில் செருகினால் இழப்பு குறைவு. மடிக்கணினித் திரையிலேயே பார்த்தால் படம் அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும். டைப்-சி துளை இருப்பதாலேயே தண்டர்போல்ட் இருப்பதாக நம்பிவிடக் கூடாது. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் கொண்ட மேக்புக்குகள் வெளி கிராபிக்ஸ் அட்டைகளை ஏற்பதில்லை.

உதிரிபாகங்களுக்கு, ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகச் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு எஸ்பி ரோடு இருக்கிறது. பழைய அட்டை வாங்குவோர் கடையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சூடேறிய பின்தான் பல கோளாறுகள் தலைகாட்டும்.

தனி கிராபிக்ஸ் இல்லாத கணினியில் ஒரே ஒரு ரேம் இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாகவும் இருந்தால், அதே அளவு ரேம் ஒன்றை முதலில் சேர்க்கலாம். உள்ளிணைந்த கிராபிக்ஸ் ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால், இரட்டைச் சேனல் கிடைத்ததும் படம் கண்கூடாகச் சீராகும்.