கல்வராயன் மலைப் பகுதியும் பசுமைப் பள்ளி முயற்சிகளும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கரியாலூர், வெள்ளிமலை, இன்னாடு முதலிய மலையூர்கள் முன்னர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தன. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தன. மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையினர். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை என்பதால் பள்ளியும் சாலையும் தாமதமாகவே வந்தன. குடியிருப்புகள் சிதறிக் கிடப்பதால் பழங்குடியினர் நலத்துறை இங்கு உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. சமவெளிப் பள்ளியில் மாலை மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவர். உறைவிடப் பள்ளியிலோ குளிக்கத் தண்ணீர், மூன்று வேளை அடுப்பு, கழிவுநீர், குப்பை என ஒரு சிற்றூரின் தேவைகள் முழுவதும் உண்டு. ஆகவே, பள்ளியைப் பசுமையாக்குவது இங்கு மரக்கன்று நடும் விழாவோடு முடிகிற வேலையன்று.

இந்த எண்ணம் புதியதும் அன்று. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலும் தோட்ட வேலையும் துப்புரவும் பாடத்தின் நடுவே இருந்தன. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் தமிழர் இருவர் இருந்தனர். ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, மற்றவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். இயற்கையிடம் எடுத்ததை இயற்கைக்கே திருப்பித் தராத பொருளாதாரம் நிலைக்காது என்று குமரப்பா பின்னர் விரிவாக எழுதினார். ஆனால், விடுதலைக்குப் பின் ஆதாரப் பள்ளிகள் மெல்ல மங்கின. தம் பிள்ளைக்கு மட்டும் ஏன் மண்வெட்டி என்று பெற்றோர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சுற்றுச்சூழல் மீண்டும் பள்ளிக்குள் வந்தது நீதிமன்றத்தின் வழியாக. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 2001-இல் தேசியப் பசுமைப் படை தொடங்கிப் பள்ளிகள்தோறும் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைந்தன. பாடம் வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. பள்ளியின் குழாயும் அடுப்பும் பழையபடியே இருந்தன. ஜூலையில் நட்ட கன்று அடுத்த மே மாத விடுமுறையில் தண்ணீரின்றிக் காய்வது பல பள்ளிகளில் ஆண்டுதோறும் நடப்பதுதான். 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த பசுமைப் பள்ளித் திட்டம் கட்டடத்தின் பக்கம் திரும்பியது. முதற்கட்டமாக 25 பள்ளிகளுக்குத் தலா 20 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. சூரிய மின்சாரம், மழைநீர் சேகரிப்பு, காய்கறித் தோட்டம், உரக்குழி ஆகியவை இதில் அடங்கும்.

இதற்கு வெகு முன்பே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சித்தேரிப் பக்கத்துப் பள்ளத்தாக்கான சிட்லிங்கியில் வேறொரு வழி முயலப்பட்டது. இது தருமபுரி மாவட்டம், அரூர் வட்டத்தைச் சேர்ந்தது. இங்கும் மலையாளி மக்களே மிகுதி. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993-இல் இங்கு ஒரு கூரைக் குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தனர். 2004-இல் கட்டடக் கலைஞர்களான கிருஷ்ணாவும் அனுராதாவும் ‘துளிர்’ என்ற கற்றல் மையத்தைத் தொடங்கினர். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வந்து படித்தனர். பள்ளியை விட்டு நின்றுவிட்ட இளைஞர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி நடந்தது. மண் சுவர் எழுப்புதல், மூங்கில் வேலை, குழாய் இணைப்பு, மின்கம்பி வேலை, சூரிய விளக்கு பொருத்துதல், இயற்கை வேளாண்மை எல்லாம் அதில் இருந்தன. அவர்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் தங்கள் வளாகத்தைக் கட்டியபோதுதான். சுவரில் விரிசல் கண்டால் பூசவும், விளக்கு அணைந்தால் கம்பியைச் சோதிக்கவும் வெளியூரிலிருந்து ஆள் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆதாரக் கல்வியின் பழைய சிக்கல் இங்கும் உண்டு. கைவேலை கற்றவருக்கும் சான்றிதழ் தேவைப்படுகிறது. துளிர் இளைஞர்கள் பொதுத்தேர்வுக்கும் படிக்க வேண்டியிருந்தது. தேர்வை நோக்கி ஓடும் அரசு உறைவிடப் பள்ளி இம்முறையை முழுவதும் ஏற்பது அரிது. எனினும் கரியாலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மண் சுவரும் மூங்கிலும் தோட்டமும் தெரிந்த வீடுகளிலிருந்து வருபவர்கள். சமையலறைக் கழிவுநீரை வாழைக்குத் திருப்பும் வாய்க்காலை வெட்ட அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிராது.