எலிக்குப் புகை, அணிலுக்குச் சட்டம்

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் மூல வைகை, கடமலைக்குண்டு வழியாகத்தான் வைகை அணைக்கு வருகிறது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தென்னை, இலவம், மா, புளி. தென்னை இருக்கும் ஊரில் எலியும் இருக்கும். மரமேறும் எலி, இளங்காயின் காம்புப் பக்கம் துளை போட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். காலையில் மரத்தடியில் ஓட்டைக் காய்கள் உதிர்ந்து கிடக்கும்.

தோப்பில் எலி தின்றால் நட்டம் காயோடு போகும். மேற்கே மேகமலைத் தொடரைத் தாண்டினால் வரும் கம்பம் பள்ளத்தாக்கில், அதே எலி ஒரு காலத்தில் உயிரையே எடுத்தது.

1896-ல் பம்பாயில் பரவிய பிளேக், சில ஆண்டுகளில் தெற்கேயும் இறங்கியது. விந்தை என்னவென்றால், பெரிய துறைமுகமான சென்னையை அது அதிகம் தொடவில்லை. அன்றைய மதுரை மாவட்டத்தின் மலையடிவாரத்தில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கிலோ மீண்டும் மீண்டும் தலையெடுத்தது. காரணம் எலியில் இல்லை, எலியின் உடம்பில் இருந்த தெள்ளுப்பூச்சியில் இருந்தது. எலித் தெள்ளுப்பூச்சிகளில் ஒரு வகை பிளேக்கை எளிதில் பரப்பும், இன்னொரு வகை அவ்வளவாகப் பரப்பாது என்பதைக் கொழும்பில் பணியாற்றிய மருத்துவர் ஹர்ஸ்ட் எடுத்துக்காட்டினார். சென்னை போன்ற வெக்கைச் சமவெளிகளில் இரண்டாம் வகையே மிகுதி. மலைக்காற்று படும் இடங்களில் முதல் வகைக்குக் கொண்டாட்டம். கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த விசாரணையைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் எழுதிய அறிக்கை, 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது.

தானியம் வீட்டுக்குள்ளேயே இருந்த காலம் அது. பெரியாறு அணை 1895-ல் திறந்தபின் பள்ளத்தாக்கில் நெல் விளைச்சல் பெருகியது. குலுக்கையிலும் மூட்டையிலும் நெல். மண் சுவரில் வளை. மனிதர் படுக்கும் இடத்துக்கும் எலி குட்டி போடும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்கூட முழுதாக இல்லை.

அந்த நாளில் எலியை அடித்துப் போடுவதே ஆபத்து. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதைவிட்டு இறங்கி, பக்கத்தில் இருக்கும் மனிதரைத் தேடி வரும். 1898-ல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டு சொன்ன உண்மை இது. ஆய்வுக்கூடம் எதுவும் சொல்லித் தராமலே மக்களுக்கும் இதில் பாதி தெரிந்திருந்தது: வீட்டில் எலி செத்து விழுந்தால் கதவைச் சாத்திவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். பிளேக் கண்ட இந்திய ஊர்கள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். அந்த அறிவுக்கு உரிய மரியாதை அன்று கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பின்னாளில் வளைக்குள் கால்சியம் சயனைடு தூளை ஊதும் முறை வந்தது. எழும் நச்சுப்புகை எலியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒருசேரக் கொல்லும். பொறிக்கும் பாஷாணத்துக்கும் இல்லாத பலம் அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்ததும் நாடெங்கும் பிளேக் அடங்கியது.

நோய் போனது, பல் போகவில்லை. தென்னைக்கு இன்று சொல்லப்படும் வழி, தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் தண்டைச் சுற்றித் தகரம் அடிப்பது. வழவழப்பில் எலியின் நகம் பிடிக்காது. ஒரு மரத்து மட்டை அடுத்த மரத்தில் உரசினால் மட்டும் தகரம் வீண். எலி மேல்வழியாகவே போய்விடும்.

மலையோரத் தோப்புகளில் மேல்வழியாக வருவது எலி மட்டுமல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிற அணில், தரையில் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவும். மா, புளி, தென்னை எதையும் விடாது. தமிழகம், கேரளம், கர்நாடகத்தின் சில காடுகளையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உச்சப் பாதுகாப்பு தருகிறது. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கென்றே சரணாலயம் அமைந்தது. 2021-ல் அந்தக் காடும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின.

அந்த அணில் பிழைக்க வேண்டும். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அது தின்னும் காய்க்கான கணக்கைத் தோப்புக்காரர் மட்டுமே தாங்குவது எந்த வகையிலும் நியாயமல்ல. எலிக்கு விஷம் வைப்பவரும் இங்கே கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது: குருத்தில் வைக்கும் விஷக்கட்டி, எந்தப் பல் கடிக்கிறது என்று பார்ப்பதில்லை.