பால்மரம் தந்த வெந்நீர்: ஜொகூர்த் தோட்டங்களில் குளியல் நீரின் வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் குளிக்க வெந்நீர் தந்தது, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம், அவர்கள் பால் வெட்டிய அதே மரத்தின் விறகுதான். எரிவாயு உருளையும் மின்சாரக் கொதிகலனும் அந்தக் குடும்பங்களின் வாழ்வில் நுழைந்ததை வெறும் வசதிப் பெருக்கமாகக் கருதுவது வழக்கம் என்றாலும், அம்மாற்றத்தின் அடியில் ஒரு மரத்தின் கதையே ஓடுகிறது. அந்த மரம் விறகு என்ற நிலையிலிருந்து விலைபொருள் என்ற நிலைக்கு உயர்ந்தபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்கட்டில் எரிந்த அடுப்பும் அணையத் தொடங்கியது.

கெமாசிலிருந்து சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வழியாக ஜொகூர் பாரு வரை செல்லும் இரயில் பாதை 1909இல் நிறைவுற்ற பின்னர், அதன் இருமருங்கிலும் இருந்த காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டது. கங்காணிகள், அதாவது தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டிவந்து அவர்களை மேற்பார்த்த தலைமைத் தொழிலாளர்கள், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களைக் கொண்டுவந்தனர். இந்திய அரசு 1938 சூன் மாதத்தில் தடை விதிக்கும்வரை இந்த உதவிபெற்ற குடியேற்றம் நீடித்தது. வந்தவர்கள் தங்கிய லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளின் நீண்ட கட்டடமாகும். அந்த அறைகளுக்குத் தனிக் குளியலறை இல்லை. பொதுக் குழாயடியோ கிணற்றடியோ அருகிலிருந்த ஆறோதான் குளிக்கும் இடமாக இருந்தது.

வெப்பமண்டலத்தின் இத்தாழ்நிலத்தில் வெந்நீர் எதற்கு என்ற கேள்வி எழலாம். அன்றாடக் குளியல் பெரும்பாலும் குளிர்ந்த நீரில்தான் நடந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணிப் பிரிக்கும் காலை அணிவகுப்புக்குச் சென்று, மரத்தில் பால் நன்கு சுரக்கும் குளிர்ந்த பொழுதிலேயே வெட்டை முடித்து, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலுக்குப் பின் திரும்பியவர்களுக்குக் குளிர்ந்த நீரே இதமாக இருந்தது. வெந்நீருக்கோ தனிச் சந்தர்ப்பங்கள் இருந்தன: பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் பச்சிளங் குழந்தைக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும், மூட்டுவலி கண்ட முதியவருக்கும், வாரந்தோறும் எண்ணெய் தேய்த்து முழுகுவோருக்கும், வடகிழக்குப் பருவமழை நாள்களின் ஈரக் குளிரில் பள்ளிக்குப் புறப்படும் சிறுவர்களுக்கும் அது காய்ச்சப்பட்டது. தீபாவளி விடியற்காலையில் மட்டும் லயத்தின் எல்லா அடுப்புகளும் ஒன்றாக எரிந்தன. பேறுகாலக் குளியலுக்கு நொச்சி, வேம்பு முதலிய தழைகளை இட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கம் தமிழகத்திலிருந்து வந்தது. அண்டையிலிருந்த மலாய்க் கம்பத்திலும், அதாவது சிற்றூரிலும், பேறு கண்ட பெண்ணுக்கு மூலிகை நீர்க் குளியலும், துங்கு எனப்படும் சூடேற்றிய கல்லால் வயிற்றுக்கு ஒத்தடமும் வழக்கத்தில் இருந்தமையால், இந்த ஒரு விஷயத்தில் இரு சமூகத்துப் பெண்களும் ஒருவரையொருவர் எளிதில் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வெந்நீர் காய்ச்சிய கலன் பெரும்பாலும் பழைய மண்ணெண்ணெய் டின்னே. நான்கு காலன், அதாவது ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் இச்சதுரத் தகரக் கலனை மூன்று கல் கூட்டிய அடுப்பில் ஏற்றி, கொதித்த நீரை வாளித் தண்ணீரில் விளாவினால், ஒரு தாயும் இரு பிள்ளைகளும் குளித்துவிட முடியும். விறகுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகளுக்குள் பால் குன்றி வெட்டி வீழ்த்தப்படும். அக்காலத்தில் அதன் கட்டைக்கு மரச்சந்தையில் மதிப்பில்லை. வெட்டிய சில நாள்களிலேயே நீலக்கறைப் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் பற்றிவிடுவதால் தச்சர் எவரும் அதைத் தொடவில்லை. எனவே அது ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்தும் புகையறைகளிலும் செங்கல் சூளைகளிலும் எரிந்தது. காற்றில் முறிந்த கிளைகளும் காய்ந்த சுள்ளிகளும் லயத்து அடுப்புக்கு வந்தன. பணம் கொடுக்க வேண்டாதது என்பதற்காக இவ்விறகை இலவசம் என்று எண்ணிவிடலாகாது. பால் வெட்டி முடித்த பெண்ணே பிற்பகலில் அதைப் பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள்; புகை படிந்த அடுப்படியில் விடியுமுன் எழுந்து அதை ஊதி மூட்டியவளும் அவளே. இந்த உழைப்பு எந்தத் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

மின்சாரம் வந்த விதம் வேறு. மத்திய மின்சார வாரியம் 1949இல் தோன்றி, 1965இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. நகரங்களுக்கு முதலில் கம்பி சென்றது; தோட்டங்கள் பலவும் நெடுங்காலம் சொந்த மின்னாக்கிகளையே நம்பியிருந்தன. மாலையில் சில மணி நேரம் மட்டும் விளக்கெரியத் தந்த அந்த மின்சாரம் நீரைச் சுடவைக்கப் போதுமானதன்று. 18 லிட்டர் நீரை 26 பாகை செல்சியசிலிருந்து 90 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1.3 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதை நோக்கினால், லயம் முழுவதும் ஒரே வேளையில் வெந்நீர் கேட்டால் சிறு மின்னாக்கி தாங்காது என்பது விளங்கும். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் நீர், மின்சாரம் ஆகிய வசதிகளைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது பெரிய திருப்பமாகும்.

இதற்கிடையில் அடுப்பு மாறத் தொடங்கியிருந்தது. 1960களுக்குப் பின் ஜொகூரின் ரப்பர் நிலங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின; செம்பனையின் நார்த்தண்டு ஈரம் நிறைந்தது, நல்ல விறகாகாது. மறுபுறம், கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் ரப்பர் கட்டையைப் போரான் உப்புக் கரைசலால் பதப்படுத்திக் காக்கும் முறையை வளர்த்தெடுக்க, அதுவரை எரிக்கப்பட்ட கட்டை நாற்காலியும் மேசையுமாகி ஏற்றுமதியாயிற்று. அத்தொழிலின் தலைநகராக ஜொகூரின் மூவார் வளர்ந்தது. தோட்டத்துப் பெண்ணின் அடுப்புக்கும் மூவார்ப் பட்டறைக்கும் இடையிலான இத்தொடர்பு போதிய கவனம் பெறாதது வருத்தத்திற்குரியது.

விறகின் இடத்தைப் பிடித்தது திரவ எரிவாயு. புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களை அழுத்தத்தால் திரவமாக்கி உருளையில் அடைத்தது இது. திறப்பைத் திருகியதும் அழுத்தம் தணிந்து மீண்டும் வாயுவாகி எரிகிறது. புரொப்பேன் சுழிக்குக் கீழே 42 பாகையிலேயே கொதிப்பதால் பனிநாடுகளில் அதுவே விரும்பப்படுகிறது. பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ சுழிப் பாகை என்பதால், வெப்பம் மாறாத ஜொகூரில் இரண்டின் கலவையும் தடையின்றி எரிகிறது. வீடுகளில் புழங்கும் 14 கிலோ உருளை, அரசு உதவித்தொகையால் கிலோ 1.90 ரிங்கிட் என்ற கணக்கில் 26.60 ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டது. ஒரு டின் நீரைக் காய்ச்சக் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான வாயு போதும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங் நகரங்களின் தாமான்களுக்கு, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தபோது, டின்னும் அடுப்பும் கைவிடப்பட்டுச் சுவரில் பொருத்தும் உடனடி மின்சூடேற்றி வந்தது. 3.6 கிலோவாட் திறனுள்ள இக்கருவி நிமிடத்திற்கு மூன்று லிட்டர் நீரை ஏறத்தாழ 17 பாகை உயர்த்தும்; தமிழகத்தின் மலையூர்களுக்குப் போதாத இவ்வளவு, ஜொகூரின் குழாய் நீருக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஈரத் தரையில் மின்சாரம் உயிரைப் பறிக்கும் என்பதால், 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் நனையக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கின.

ஜொகூர் வீடுகளுக்குத் தனித்தனியே வந்த வாயுவும் மின்சாரமும் ஒரே கலனில் சேர்ந்தது அமெரிக்க முகாம் வண்டிகளில், அதாவது காரின் பின்னே இழுத்துச் செல்லும் தங்கும் வண்டிகளில். அவற்றின் வழக்கமான சூடேற்றி ஆறு அமெரிக்க காலன், ஏறத்தாழ 23 லிட்டர் கொள்ளும். மண்ணெண்ணெய் டின்னைவிடச் சற்றே பெரிது. மின்னிணைப்புள்ள முகாமில் 1,440 வாட் மின்சுருள் இந்நீரை 35 பாகை உயர்த்த முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ள, கம்பியே எட்டாத காட்டோரத்தில் புரொப்பேன் சுடர் அதில் ஏறத்தாழப் பாதி நேரத்தில் அதே வேலையை முடிக்கிறது. இரண்டையும் ஒருசேர இயக்கினால் இன்னும் விரைவு. கலன் நிரம்பியிருப்பதை உறுதி செய்யாமல் மின்விசையைத் தட்டினால் சுருள் நொடிகளில் கருகிவிடும் என்பதே அதைக் கையாள்வோர் முதலில் கற்கும் பாடம். மெர்சிங், தெசாரு கடற்கரைகளுக்கோ குனோங் லேடாங் அடிவாரத்துக்கோ கூடாரத்துடன் செல்லும் இன்றைய ஜொகூர்க் குடும்பம் இத்தகைய வண்டியின்றிச் சென்றாலும், கையடக்க வாயு அடுப்பும் ஒரு பானையும் எடுத்துச் செல்வதும், கைக்குழந்தைக்கு மட்டும் நீரைச் சுடவைத்து விளாவிக் குளிப்பாட்டுவதும் வழக்கமாகவே இருக்கிறது.