மாண்டெரே விரிகுடாவின் இரண்டு மொழிகள்

1849-ஆம் ஆண்டு செப்டம்பரில், கலிபோர்னியாவின் மாண்டெரே நகரில், கோல்ட்டன் மண்டபம் எனப்படும் கற்கட்டடத்தின் மாடியில் 48 பேர் கூடினார்கள். அமெரிக்க ஒன்றியத்தில் சேரவிருந்த ஒரு மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுதுவது அவர்களுக்கு இடப்பட்ட பணி. அதற்கு முந்தைய ஆண்டில்தான் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி மெக்சிகோ இந்நிலத்தை அமெரிக்காவிடம் இழந்திருந்தது. கூடியவர்களுள் வயேஹோ, கரியோ, தெ லா கெர்ரா முதலிய பழங்குடும்பத்தவர் சிலரும் இருந்தனர். அவர்கள் ஸ்பானிய மொழியினர். அவர்களுள் ஆங்கிலம் அறியாதாரும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து மாண்டெரேயில் குடியேறி, தெ லா கெர்ரா குடும்பத்திலேயே பெண் எடுத்திருந்த ஹார்ட்னெல் என்னும் வணிகர், அவர்களுக்காக மொழிபெயர்த்தார். அச்சபை இயற்றிய சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வெளியிடப்பட வேண்டிய சட்டங்கள், ஆணைகள், விதிகள் யாவும் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிடப்படல் வேண்டும் என்பது அது.

முப்பது ஆண்டுகளே அது நிலைத்தது. தங்கம் தேடி வந்த பெருங்கூட்டத்தில் ஸ்பானிய மொழியினர் சிறுபான்மையாயினர். 1879-இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அரசின் நடவடிக்கைகள் யாவும் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெற வேண்டும் என்று அது கூறியது.

கடலைப் பற்றி எழுத வந்த கட்டுரை சட்டசபையில் தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். 2002 வாக்கில், இதே விரிகுடாவின் கரையில், கடல் பாதுகாப்பை லத்தீனோ குடும்பங்களிடம் அவர்கள் மொழியில் எடுத்துச் செல்லும் ஒரு திட்டம் தொடங்கியது. புதிதாக வந்தவர்களுக்கு அரசு காட்டிய பெருந்தன்மை என்றே அதைப் பலரும் அறிமுகப்படுத்துவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இக்கரையில் பொதுச்செய்தி ஒரு காலத்தில் சட்டப்படியே இரு மொழிகளில் வந்தது. பிறகு ஒரு மொழி நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது, பாதி அளவிலேனும், கடல் வழியாகத் திரும்பி வந்தது என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

வரைபடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 1602 டிசம்பரில் செபாஸ்தியான் விஸ்காயினோ என்னும் கடலோடி இவ்விரிகுடாவுக்கு மாண்டெரே எனப் பெயரிட்டார். வடக்கே ஆன்யோ நுவேவோ முனை. அப்பெயருக்குப் புத்தாண்டு என்று பொருள். சாந்தா க்ரூஸ், கார்மெல், சலீனாஸ் எல்லாம் ஸ்பானியப் பெயர்களே. விரிகுடாவின் நடுவில் கடலில் கலக்கும் ஆற்றின் பெயர் பாஹரோ, அதாவது பறவை. 1769-இல் போர்த்தோலாவின் படையினர் இவ்வழியே வந்தபோது, இம்மண்ணின் மக்கள் புல்லடைத்து வைத்திருந்த ஒரு பெரும் பறவையின் உடலைக் கண்டு இப்பெயரை இட்டனர். விஸ்காயினோவின் பெயர் தெற்கே, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் நிலைத்துள்ளது. எல் விஸ்காயினோ என்னும் அப்பகுதியின் உப்பங்கழிகளில்தான் சாம்பல் திமிங்கிலங்கள் கன்று ஈனுகின்றன. ஆண்டுதோறும் கன்றுகளுடன் அவை மாண்டெரேயைக் கடந்து வடகடலுக்குச் செல்கின்றன. 1993-இல் அக்கழிகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. வழியின் இரு இடங்களிலும் ஒருவனின் தடமே பதிந்திருப்பது விந்தைதான்.

ஆயினும் ஸ்பானியமும் இங்கே வந்தேறிய மொழியே என்பதை மறைத்தல் நேர்மையன்று. பறவையின் உடலில் புல்லடைத்தவர்களுக்குத் தமக்கென மொழிகள் இருந்தன. மாண்டெரேயைச் சுற்றிப் பேசப்பட்டது ரம்சென். அதனைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணியான இசபெல் மெடோஸ் 1939-இல் காலமானார். இரு மொழிகளின் கதையைச் சொல்லும்போதெல்லாம், சொல்லப்படாத மூன்றாவதாக ஒன்று அருகிலேயே நிற்கிறது.

இலக்கிய அன்பர்கள் மாண்டெரேயை ஸ்டைன்பெக் வழியாகவே அறிவோம். 1935-இல் வந்த 'டோர்ட்டியா ஃப்ளாட்' நாவலில் இந்நகரின் ஸ்பானிய மொழி பேசும் மக்கள் மது மயக்கமும் குறும்பும் நிறைந்தவர்களாக வருகிறார்கள். படிக்க இன்பமான நூல்தான். ஆனால் அம்மக்களின் பேரப்பிள்ளைகள் அதை அவ்வளவு இன்பமாகப் படித்திருக்க முடியாது. 1945-இல் 'கேனரி ரோ' வெளிவந்த சில ஆண்டுகளில் மத்தி மீன்வளம் சரிந்தது. மீனை டப்பாவில் அடைத்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அவற்றுள் ஹோவ்டன் ஆலை நின்ற இடத்தில் 1984 அக்டோபரில் மாண்டெரே விரிகுடா கடற்காட்சியகம் திறக்கப்பட்டது. கடல் அங்கே உழைக்கும் இடமாக இருந்தது போய்ப் பார்க்கும் இடமாயிற்று.

உழைப்பு வேறு பக்கம் நகர்ந்திருந்தது. விரிகுடாவின் நடுவே, கடலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே, பாஹரோ ஆற்றங்கரையில் வாட்சன்வில் என்னும் ஊர் உள்ளது. ஸ்ட்ராபெரி வயல்களும், காய்கறிகளை உறைய வைக்கும் ஆலைகளும் நிறைந்த ஊர். 1942 முதல் 1964 வரை நடந்த பிரசேரோ ஒப்பந்தத் தொழிலாளர் திட்டமும், அதன்பின் வந்த குடியேற்றங்களும் மெக்சிகோவின் மிச்சோவாக்கான், ஹாலிஸ்கோ போன்ற மாநிலங்களின் மக்களை கலிபோர்னியாவின் வயல்களுக்குக் கொணர்ந்தன. இன்று இவ்வூரில் ஐவரில் நால்வர் லத்தீனோக்கள். 1985 செப்டம்பர் முதல் 1987 மார்ச் வரை, ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் மெக்சிகப் பெண்கள், கூலிக் குறைப்பை எதிர்த்து இங்கே பதினெட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகர் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துத் தேர்தல் நடத்தும் முறை லத்தீனோ வாக்கை வலுவிழக்கச் செய்கிறது என 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இவ்வூர் வழக்கில்தான். கடலைப் பற்றிப் பேச வந்தவர்கள் எதிர்கொண்டது, பொதுவாழ்வு அறியாத மக்களை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1992 செப்டம்பரில் மாண்டெரே விரிகுடா தேசியக் கடல் சரணாலயம் அமைந்தது. எண்ணெய்த் துரப்பணத்துக்கு எதிரான நெடும் போராட்டத்தின் பயன் அது. 444 கிலோமீட்டர் கடற்கரை அதற்குள் அடங்கும். பத்தாண்டுகளுக்குள் சரணாலயத்தார் ஒன்றை உணர்ந்தார்கள். தங்கள் கூட்டங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வருவோர், சுற்றி வாழும் மக்களைப் போல் இல்லை. லத்தீனோ சமூகத்தின் தலைவர்களையும் ஆசிரியர்களையும் சந்தித்துக் கேட்டார்கள். அதன் விளைவாக எழுந்ததுதான் 'மெரீத்தோ'. ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துக் கூட்டு. ஸ்பானியத்தில் தகுதி, பெருமை என்று பொருள்படும் சொல். பள்ளிநேரத்துக்குப் பின் மாணவர்க்கான பாடம், சமூக நிகழ்வுகளில் குடும்பங்களோடு உரையாடல், கடற்கரைகளில் இரு மொழியும் அறிந்த வழிகாட்டிகள், இளைஞர்க்குப் பயிற்சிப் பணி எனப் பல கிளைகள் அதற்கு இருந்தன.

கேட்டுத் தொடங்கினார்கள் என்பதே இதில் முக்கியம். துண்டறிக்கையை மொழிபெயர்த்து வைத்துவிட்டால் மக்கள் வந்துவிடுவார்கள் என்பது அலுவலகங்களின் நீண்டநாள் நம்பிக்கை. மக்கள் வராததற்கு மொழி ஒரு காரணம் மட்டுமே. அறுவடைக் காலத்தில் ஞாயிறு ஒன்றே ஓய்வு. வாகனம் வேண்டும். மாண்டெரேயின் நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். அலை இழுத்துச் செல்லும். மலைநாட்டு உழவர் குடும்பத்துக்குக் கடல் என்பது பிள்ளைகளைத் தூர நிறுத்த வேண்டிய இடம். பூங்காக் காவலரின் சீருடைகூடக் குடிவரவுக் காவலரை நினைவூட்டி அச்சம் தரும் என்பது அமெரிக்கப் பூங்காக்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அதனால் குழந்தையை மட்டும் அழைத்துச் சென்று பயனில்லை. தாயும் தந்தையும் பாட்டியும் சேர்ந்து வரும்படி நாளும் உணவும் அமைய வேண்டியிருந்தது.

சொற்களின் சிக்கல் தனி. சரணாலயம் என்பதற்கு ஸ்பானியத்தில் 'சாந்துவாரியோ' என்பர். மெக்சிகக் கத்தோலிக்கர்க்கு அது முதலில் நினைவூட்டுவது யாத்திரைத் தலத்தை. தலம் என்றால் அங்கே மீன் பிடிக்கலாகாது என்றே ஒருவர் எண்ணுவார். உண்மையில் இச்சரணாலயத்தில் மீன்பிடித்தல் தடைசெய்யப்படவில்லை. இவ்விடத்தில் குற்றம் மொழிபெயர்ப்பில் இல்லை, மூலச்சொல்லே தெளிவற்றது. மாறாக, ஓர் ஆற்றின் வடிநிலத்தைக் குறிக்கும் 'வாட்டர்ஷெட்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். நீரை இரு பக்கமும் பிரித்துவிடும் மேட்டையே அது ஆதியில் குறித்தது. அமெரிக்க வழக்கில்தான் முழு வடிநிலமும் ஆயிற்று. ஸ்பானியத்தில் இதற்குரிய சொல் 'குவெங்கா'. மரக்கிண்ணம், கண்குழி என்ற பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. கிண்ணத்தின் எப்பக்கம் சிந்தினாலும் அடியில் போய்ச் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இங்கே மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது.

இவ்விளக்கம் வாட்சன்வில் மக்களுக்கு வெறும் பாடம் அன்று. 1995 மார்ச்சில் பாஹரோ பெருக்கெடுத்தது. அருகிலுள்ள எல்க்ஹார்ன் கழிக்கும் அவ்வெள்ளக் காலத்தில் வயல் மண் அடித்துவரப்பட்டது. டி.டி.டி. 1972-இலேயே தடைசெய்யப்பட்டிருந்தும், அதன் எச்சம் மண்ணில் தங்கியிருந்தது. அவ்வாண்டு எல்க்ஹார்ன் கழியில் கூடு கட்டிய காஸ்பியன் ஆலாக்களின் இனப்பெருக்கம் பொய்த்தது. அதே வயல்களில் குனிந்து வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நஞ்சு என்பது ஆலாக்களின் செய்தி மட்டுமாக இருந்திருக்க முடியாது. கடல் பாதுகாப்பு வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தவர்களை 2002 மார்ச் வாக்கெடுப்பு வியக்க வைத்தது. பூங்காக்களுக்கும் நீர்நிலைகளுக்கும் நிதி ஒதுக்கும் 40-ஆம் முன்மொழிவை வெள்ளையரைவிட லத்தீனோ வாக்காளர்களே கூடுதல் விகிதத்தில் ஆதரித்தனர்.

காலத்தின் முரண் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1998-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் 227-ஆம் முன்மொழிவை ஏற்று, பொதுப்பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெரிதும் நிறுத்தியிருந்தனர். 2016-இல்தான் அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வகுப்பறையில் ஒதுக்கப்பட்ட ஒரு மொழி, மணி அடித்த பின் நண்டையும் கடற்பாசியையும் பற்றிப் பேச அனுமதிக்கப்பட்டது.

தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் நிலைமை இன்னும் கூர்மையானது. அங்கிருந்த ஒரு டி.டி.டி. ஆலையின் கழிவு 1940-களின் இறுதியிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை சாக்கடை வழியே பாலோஸ் வெர்டெஸ் கடலடியில் போய்ப் படிந்தது. 'வொயிட் குரோக்கர்' என்னும் கத்தலை இனத்து மீன் அடிச்சேற்றில் இரை தேடுவது. அதன் கொழுப்பில் நஞ்சு சேர்கிறது. கலிபோர்னியாவில் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். பொதுத் தூண்டில் பாலங்களில் மட்டும் வேண்டியதில்லை. ஆகவே ஏழைக் குடும்பங்கள் பாலத்துக்கே வருகின்றன, பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோலோடு பொரிக்கின்றன. எச்சரிக்கைப் பலகையில் உள்ள பெயர் பலருக்குப் பழக்கமில்லை. அதே மீனைச் சிலர் கிங்ஃபிஷ் என்பர், சிலர் டாம்காட் என்பர். 2003 முதல் ஸ்பானியம் உட்படப் பல மொழிகள் அறிந்தவர்கள் பாலங்களில் நடந்து, மீனின் படத்தைக் காட்டி, வாளியில் கிடப்பதை ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினர். இருமொழிப் பணியில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். இங்கே கடலைக் காப்பது பிற்பாடு. முதலில் அன்றிரவின் சாப்பாடு.

மெரீத்தோ சில ஆண்டுகளில் சானல் தீவுகள் சரணாலயத்துக்கும் பரவியது. பின்னர் அதே பெயரில் வெஞ்சுராவில் தனி அறக்கட்டளை ஒன்றும் எழுந்தது. இத்தகைய முயற்சிகள் மானியங்களை நம்பியே வாழ்ந்தன. அதிகாரிகள் மாறும்போதும் நிதி குறையும்போதும் முதலில் வெட்டப்படுவது இவையே.

இப்பணிக்கு அப்பாலும் ஓர் எல்லை தெரிகிறது. பாஹரோ வடிநிலத்தின் வயல்களில் இன்று வேலை செய்வோருள் பலர் ஓஹாக்கா மாநிலத்தவர். அவர்களது தாய்மொழி ஸ்பானியம் அல்ல. மிஸ்டெக், திரிக்கி போன்ற தொல்மொழிகள். அவற்றுள் சில பெரும்பாலும் பேச்சாகவே வாழ்பவை. துண்டறிக்கை அச்சிட்டும் பயன் குறைவு. ஸ்பானியத்தில் எழுதிய பலகை அவர்களுக்கு இரண்டாவது அந்நிய மொழி.

2023 மார்ச் 10-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி பாஹரோ ஆற்றின் கரை உடைந்தது. ஆற்றின் பெயரையே தாங்கிய சிற்றூரில் வெள்ளம் புகுந்தது. அக்கரை வலுவற்றது என்பது பொறியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். காக்கப்பட வேண்டிய வீடுகளின் மதிப்பு குறைவாக இருந்ததால் செலவுக்கணக்கு ஒத்துவரவில்லை என்று தள்ளிப் போட்டிருந்தனர். ஊரார் வெளியேற்றப்பட்டனர். ஸ்ட்ராபெரிப் பாத்திகள் நீரில் மூழ்கின. சேறு கலந்த அந்நீர் வழக்கமான வழியில் விரிகுடாவை நோக்கிச் சென்றது.