ரோபோவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு சின்னக் கேபிள்

சித்தன்னவாசல் குன்றில் இரண்டு காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கையில் இருப்பது தமிழ் பிராமி, கி.மு. முதல் நூற்றாண்டு என்கிறார்கள். அறிவர் கோயிலில் இருப்பது 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. இரண்டும் தமிழ்தான். ஆனால் பிந்தைய எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு முந்தையது வெறும் கோடுகள். இரண்டும் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும்.

கணினிக்கும் ரோபோவுக்கும் நடுவில் இதே சிக்கல் வந்தது. அதற்கு ஒன்பது நூற்றாண்டெல்லாம் ஆகவில்லை, நாற்பது வருடமே போதுமாக இருந்தது!

1960இல் அமெரிக்காவில் ஆர்.எஸ்.-232 என்று ஒரு தரம் வகுத்தார்கள். டெலிடைப் மாதிரியான கருவிகளை மோடத்தோடு இணைக்கத்தான். விஷயம் ரொம்ப எளிது: அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவாக ஒரு கிரவுண்ட் கம்பி. பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும், அதனால்தான் சீரியல். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது இந்தப் போர்ட்டைத் தனி அட்டையாக வாங்கிப் போடலாம். இந்தியாவில் 1995இல் வி.எஸ்.என்.எல். இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தபோதும், வெளியே வைக்கும் மோடத்தைச் செருகியது இதில்தான்.

ரோபோ செய்கிறவர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. ரோபோவின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சில்லுகளில் சீரியல் பேசும் பகுதி ஏற்கனவே உள்ளேயே இருக்கும். ஒரே குறை, சில்லு பேசுவது 0 அல்லது 5 வோல்ட்டில். கணினியின் போர்ட்டோ பிளஸ், மைனஸ் என்று 15 வோல்ட் வரை போகும். நேராகச் சேர்த்தால் சில்லு காலி. நடுவில் மேக்ஸ்232 என்ற சில்லைப் போட்டுச் சமாளித்தார்கள்.

1996இல் யுஎஸ்பி வந்தது. 1998இல் ஆப்பிள் ஐமேக்கில் சீரியல் போர்ட்டே கிடையாது. அடுத்த பத்து வருடத்தில் லேப்டாப்புகளிலும் அந்த ஒன்பது முள் போர்ட் மெல்லக் காணாமல் போனது. கணினி வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை, யாரும் அழவில்லை. லெகோ கம்பெனியின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ 1998இல் சீரியல் போர்ட்டை நம்பி வந்தது, 2001 பதிப்பில் யுஎஸ்பிக்கு மாறிவிட்டது. பெரிய கம்பெனி, மாறிக்கொள்ளும். கல்லூரி லேபில் ஏற்கனவே இருக்கும் ரோபோக்களை என்ன செய்வது?

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் வருகிறார். ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ, தைவானின் புரொலிஃபிக் போன்ற கம்பெனிகள், ஒரு பக்கம் யுஎஸ்பியும் மறுபக்கம் சீரியலும் பேசும் சில்லுகளை விற்றன. கணினியில் டிரைவர் மென்பொருளைப் போட்டால், இல்லாத சீரியல் போர்ட் இருப்பது போலத் தெரியும். பழைய புரோகிராம் ஒரு வரிகூட மாறாமல் ஓடும். ஐஐடி பம்பாயின் இ-யந்த்ரா திட்டம் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொண்டுபோன ஃபயர் பேர்ட் 5 ரோபோவில் எஃப்டிடிஐயின் எஃப்டி232 சில்லு போர்டிலேயே இருந்தது. மாணவர் சாதாரண யுஎஸ்பி கேபிளைச் செருகினால் போதும்.

மொழிபெயர்ப்பு என்றால் கொஞ்சம் தாமதம் இருக்கும் அல்லவா? சீரியலில் எந்தப் பக்கமும் நினைத்த நேரத்தில் பேசலாம். யுஎஸ்பியில் கணினி கேட்டால்தான் மறுபக்கம் வாயைத் திறக்கும். எஃப்டிடிஐ சில்லு கொஞ்சமாக வரும் தகவலைச் சேர்த்துவைத்து அனுப்பும், வழக்கமான காத்திருப்பு 16 மில்லிசெகண்ட். அச்சடிக்கும் இயந்திரத்துக்கு இது ஒன்றுமே இல்லை. விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் ரோபோ அதற்குள் 1.6 செ.மீ. நகர்ந்திருக்கும். ‘சுவர் வருகிறது’ என்ற செய்தி வந்து சேரும்போது சுவரே வந்திருக்கலாம்! இந்த அளவை டிரைவரில் 1 மில்லிசெகண்ட் வரை குறைக்கலாம். தெரியாதவர்கள் தங்கள் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் வியாபாரத்திலிருந்து வந்தது. எஃப்டி232 பிரபலமானதும் அதன் பெயரையே அச்சடித்த போலிச் சில்லுகள் சந்தையில் கலந்தன. மலிவான போர்டு வாங்குகிறவர் சில்லைச் சோதித்தா வாங்குகிறார்? 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சில்லின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றியது. அதன்பின் எந்தக் கணினியில் செருகினாலும் அதைச் சாதாரணமாக அடையாளம் தெரியாது. முந்தின நாள் ஓடிய ரோபோ மறுநாள் ஊமை. ஏமாற்றியவர் விற்றுவிட்டுப் போய்விட்டார், தண்டனை வாங்கியவருக்கு. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு கம்பெனி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது.

2016இல் இன்னொரு டிரைவர். இது சில்லை முடக்கவில்லை. உண்மையான தகவல் போகவேண்டிய இடத்தில் ‘இது அசல் சாதனம் அல்ல’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தை அனுப்பியது. மறுமுனையில் மோட்டாருக்கு உத்தரவு எதிர்பார்க்கும் இயந்திரம் இருந்தால், அந்த எழுத்துகளை அது எப்படி எடுத்துக்கொள்ளும்? தன் வணிகப் பெயரைக் காக்க கம்பெனிக்கு உரிமை உண்டுதான். அதற்கு ஓடும் இயந்திரத்தின் காதில் கத்துவது நியாயமா?

இதற்குள் ஆர்டுவினோ 2010இல் வந்த யூனோ போர்டில் எஃப்டிடிஐ சில்லை விட்டுவிட்டு, தானே புரோகிராம் செய்யக்கூடிய சில்லுக்கு மாறியிருந்தது. மலிவு விலைப் போர்டுகள் பல சீனாவின் சிஎச்340 சில்லுக்குப் போயின. அதற்கு யாருடைய பெயரையும் திருட வேண்டியதில்லை. அதைச் செருகினாலும் விண்டோஸ் ‘காம் 3’, ‘காம் 4’ என்றுதான் காட்டுகிறது, பழைய ஐபிஎம் பிசி வைத்த அதே பெயர்.