புலி வாயில் கை விட்ட பிள்ளை

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் பழைய நூல்களைத் திரும்பப் படித்துக்கொள் என்பார்கள் பெரியவர்கள். குன்றத்தூர்க்காரிக்கு முதலில் எதை எடுப்பது என்ற குழப்பமே கிடையாது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் எங்கள் ஊர்க்காரர்.

அவரும் முன்னோரைப் படித்துவிட்டு எழுத வந்தவர்தான். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் 11 பாட்டில் அடியார்களின் பெயர்களை அடுக்கினார். நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாகக் கொஞ்சம் விரித்தார். 12ஆம் நூற்றாண்டில், சோழனின் அமைச்சராக இருந்த சேக்கிழார் கையில் அது 4000 பாட்டுக்கு மேல் வளர்ந்தது. அரசன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததைக் கண்டு இதைப் பாடினார் என்று உமாபதி சிவம் பாடிய சேக்கிழார் புராணம் சொல்கிறது. அப்படியானால் சிந்தாமணியையும் மனிதர் விடாமல் படித்திருப்பார் என்பது என் ஊகம்.

கண்ணப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு வரி. நக்கீரதேவரும் கல்லாடதேவரும் ஆளுக்கொரு 'திருக்கண்ணப்பதேவர் திருமறம்' பாடியிருக்கிறார்கள். சேக்கிழாரோ அவர் உடுப்பூரில் திண்ணன் என்ற பிள்ளையாகப் பிறப்பதிலிருந்தே தொடங்குகிறார். தூக்கினால் திண்ணென்று கனத்ததால் அந்தப் பெயர். பிள்ளை துடிப்பறையின் கட்டையை உருட்டுகிறான், வேட்டைநாயின் கயிற்றைப் பிடித்து இழுத்து அறுக்கிறான். என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்த அப்பாவின் ஐடி கார்டு கழுத்தில் ஏறிவிடும். சற்று வளர்ந்ததும் முயல்குட்டி, பன்றிக்குட்டி, புலிக்குட்டி என்று பிடித்து வந்து முற்றத்தில் கட்டி வளர்க்கிறான் திண்ணன். எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

நடுவில் ஒரு பாட்டு. பழக்கி வைத்த புலியின் வாயைக் குகை என்று நினைத்துக் குழந்தை கையை நீட்டுகிறான். அப்பா நாகன் பதறி, தழைக்கொம்பை ஓங்குகிறான். பிள்ளையின் கண்ணில் நீர் முட்டுகிறது. இறைவனின் கண்ணோயைத் தீர்க்கப்போகும் கண்கள் அவை என்று அங்கேயே ஒரு சொல் போட்டுவிடுகிறார் சேக்கிழார். காளத்தி மலையில் திண்ணன் இறைவனுக்காகத் தன் கண்ணைத் தோண்டப்போவதை வாசலில் விளையாடும் வயதிலேயே நட்டுவைக்கிறார். கதைக்கட்டுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதியவரும் அவரே. புலவர்களிடமும் ஓதுவார்களிடமும் இருந்த கதை, எழுத்துக் கூட்டிப் படிப்பவர் கைக்கும் வர வழி பிறந்தது.

எல்லாக் கதையும் பிள்ளைகளுக்கு ஆகாது. சிறுத்தொண்டர் தன் பிள்ளையை அறுத்துச் சமைக்கும் கதையை நான் தொடப்போவதில்லை; பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. கண்ணைத் தோண்டும் இடத்தைச் சொல்லலாம், திண்ணனின் விளையாட்டையும் அழுகையையும் முதலில் சொல்லியிருந்தால்.

பிள்ளைகளுக்கு எழுத நினைப்பவர்கள் கண்ணப்ப நாயனார் புராணத்தை சி.கே. சுப்பிரமணிய முதலியார் உரையோடு ஒருமுறை வாசியுங்கள். நேரமில்லை என்றால் நாவலரின் வசனத்திலிருந்தாவது தொடங்குங்கள்.