இலையும் மரமும் உலோகமும்: பெருங்குடல் புற்றுநோய் மருந்துகளின் வரலாறு

தொம்மலூரை ஒட்டிச் செல்லும் பழைய விமான நிலையச் சாலையின் தனியார் மருத்துவமனையாயினும், ஓசூர் சாலையில் 1973 முதல் இயங்கிவரும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனமாயினும், சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையாயினும், ஒரு காட்சி பொதுவானது. பெருங்குடலில் தோன்றிய புற்று கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று அறிந்தபின், நோயாளியின் குடும்பத்தார் கேட்க நேரும் சொற்கள் இரண்டு: ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி. மருத்துவர் இவற்றுள் ஒன்றைப் பரிந்துரைப்பார். அல்லது தெரிவைக் குடும்பத்தாரிடமே விடுவார்.

இவை தலைப்பெழுத்துகளும் சொல்லின் முற்பகுதிகளும் ஒட்டி உருவான பெயர்கள். முதலில் வரும் 'ஃபோல்' ஃபோலினிக் அமிலம், அடுத்த 'ஃப்' ஃபுளோரோயுராசில், இறுதியில் வரும் 'ஆக்ஸ்' ஆக்சாலிபிளாட்டின், 'இரி' ஐரினோடெக்கான். முன் இரண்டும் இரு கூட்டு மருந்துகளுக்கும் பொது; ஈறு மட்டுமே வேறுபடும். இந்த ஈற்று வேறுபாட்டுக்கு நீண்ட வயதில்லை. 1990களின் பிற்பகுதிவரை முற்றிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 'எந்த மருந்து' என்ற வினாவே பெரும்பாலும் எழவில்லை. இருந்தது ஒரே மருந்து. தெரிவு என்பது எவ்வாறு பிறந்தது, பிறந்தபின் அது எதைத் தெரியும் உரிமையாக மாறியது என்பதை இப்பெயர்களின் உறுப்புகளைப் பிரித்தே காணலாம்.

பொது உறுப்பான ஃபுளோரோயுராசிலில் தொடங்குவது முறை. எலியின் கல்லீரல் கட்டிகள், இயல்பான திசுக்களைவிட மிகுதியாக யுராசிலை எடுத்துக்கொள்வதை 1954-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஹைடல்பெர்கர் இதிலிருந்து ஓர் உத்தியை வகுத்தார். யுராசில் மூலக்கூறின் ஐந்தாம் இடத்திலுள்ள ஹைட்ரஜனை நீக்கி ஃபுளோரினை வைத்தால், புற்றுச் செல் அதை உணவென்று ஏற்கும், ஏற்றபின் டி.என்.ஏ.வுக்குத் தேவையான தைமிடிலேட்டை ஆக்கும் நொதி செயலிழக்கும். 1957-இல் வெளியான இக்கண்டுபிடிப்பு 1962-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. தற்செயலாகக் கிடைத்த நஞ்சுகளைச் சோதித்துப் பார்த்த காலத்தில், இலக்கை முன்கூட்டியே கருதி வடிவமைக்கப்பட்ட தொடக்ககால மருந்துகளுள் இது ஒன்று. எனினும் இதைத் தனியே பெற்றவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது.

அடுத்த உறுப்பான ஃபோலினிக் அமிலத்தின் கதை இந்தியாவில் தொடங்குகிறது. பம்பாயின் துணி ஆலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய 1928-இல் வந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பின்னர்ச் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்டின் சாறான மார்மைட் அந்த இரத்தசோகையைத் தீர்ப்பதாக 1931-இல் எழுதினார். அச்சாற்றிலிருந்த பொருள் எதுவென்று அப்போது தெரியவில்லை. 1941-இல் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்ற இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் கண்ட காரணி அவ்வகைப் பொருளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அதைச் செயற்கையாக ஆக்கும் பணி அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் 1945-இல் நிறைவேறியது. அந்த ஆய்வுகளை இயக்கியவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். ஃபோலிக் அமிலத்தை ஒத்த வடிவில் அதற்கு எதிராகச் செயல்படும் பொருள்களையும் அவருடைய குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தார், ஆண்டு 1948. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார்.

ஃபோலிக் அமிலத்தின் செயல்வடிவங்களுள் ஒன்றே ஃபோலினிக் அமிலம். 'லியூக்கோநாஸ்டாக் சிட்ரோவோரம்' என்ற நுண்ணுயிரின் வளர்ச்சிக்கு அது தேவை என்று 1948-இல் அறியப்பட்டது; அந்நுண்ணுயிரின் பெயரின் இரு முனைகளும் இணைந்ததே 'லியூக்கோவோரின்' என்ற மருந்துப் பெயர். முதலில் அது ஃபோலேட் எதிர்ப்பு மருந்துகளின் நச்சுவிளைவிலிருந்து உடலைக் காக்கும் மாற்றுமருந்தாகவே பயன்பட்டது. பெருங்குடல் புற்றுநோயில் அதன் பங்கு நேர்மாறானது. ஃபுளோரோயுராசிலை நொதியோடு இறுகப் பிணைக்க ஃபோலேட் துணைபுரிகிறது. காத்த கையே நஞ்சின் பிடியை வலுப்படுத்துகிறது. 1992-இல் வெளியான தொகுப்பாய்வு இதன் அளவைக் காட்டியது. ஃபுளோரோயுராசில் மட்டும் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், ஃபோலினிக் அமிலமும் சேர்த்துப் பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. ஆனால் வாழ்நாள் நீளவில்லை. இரு சாராரின் இடைநிலை வாழ்நாளும் ஏறத்தாழ 11 மாதங்களே.

அந்த 11 மாதங்களையும் எளிதாக ஒதுக்கிவிட இயலாது. மருந்தின்றித் துணைப் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டு வியன்னாவில் நடந்த ஆய்வு 1993-இல் வெளியாயிற்று. நாற்பது பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். எனினும் மருந்து பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11 மாதமாகவும், பெறாதவர்களுடையது 5 மாதமாகவும் இருந்தது. 'முற்றிய நிலையில் மருந்தால் பயனில்லை' என்ற பழைய கருத்தை இத்தகைய ஆய்வுகளே தளர்த்தின. ஆயினும் அன்றைய தெரிவு 'மருந்தா, மருந்தில்லாமலா' என்பதோடு முடிந்தது.

இரண்டாம் மருந்து மரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானியும், 'மகிழ்ச்சி மரம்' என்று பொருள்படும் பெயரால் சீனர் வழங்கும் மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்து 1966-இல் அறிவித்தனர். ஆறாண்டுகளுக்குப்பின் அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமொன்றிலும் இருப்பதைக் கண்டவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கி, பின்னர்ப் பம்பாய் கோரேகானில் சீபா ஆய்வு மையத்தின் பொறுப்பை ஏற்றவர். அவர்கள் ஆராய்ந்த மரத்தின் அன்றைய தாவரவியற்பெயர் மாப்பியா ஃபெடிடா. இன்று நோத்தபோடிட்டீஸ் நிம்மோனியானா. 'ஃபெடிடா' என்றால் நாறுவது. மராத்தியில் வழங்கும் 'கானேரா' என்ற பெயரும் நாற்றத்தையே சுட்டுகிறது. ஒரே மூலக்கூறு ஒரு நாட்டில் மகிழ்ச்சியின் பெயரையும், இன்னொரு நாட்டில் துர்நாற்றத்தின் பெயரையும் தாங்கிய மரங்களில் உறைந்திருந்தது.

கண்டவுடன் அது மருந்தாகிவிடவில்லை. கேம்ப்டோதெசின் நீரில் கரையாது. கரையும் உப்பாக மாற்றி 1970களில் நோயாளிகளுக்குச் செலுத்தியபோது சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவு முதலிய கடும் விளைவுகள் தோன்றின. சோதனைகள் நிறுத்தப்பட்டன. டி.என்.ஏ. இழையின் முறுக்கை அவிழ்க்கும் நொதியொன்றை இப்பொருள் முடக்குகிறது என்பது 1985-இல் தெரிந்தபின் ஆர்வம் மீண்டது. அதற்குள் ஜப்பானின் யாக்கூல்ட் நிறுவனம் நீரில் கரையும் வடிவமாக ஐரினோடெக்கானை ஆக்கியிருந்தது. 1996-இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. ஃபுளோரோயுராசில் பயனற்றுப்போன நோயாளிகளை இருபிரிவாகப் பிரித்து நடத்தி 1998-இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில், ஐரினோடெக்கான் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும், துணைப் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 14 விழுக்காட்டினரும் ஓராண்டு கடந்து வாழ்ந்தனர். முதல் மருந்து தோற்றபின்னும் வழியுண்டு என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

மூன்றாவது உலோகம். பிளாட்டினச் சேர்மமான சிஸ்பிளாட்டின் பிற புற்றுகளில் வெற்றிபெற்றும் பெருங்குடலில் பயன் தரவில்லை. நகோயாவில் யோஷினோரி கிதானி 1976-இல் ஆக்கிய ஆக்சாலிபிளாட்டினும் தனியே வலுவற்றது. ஃபுளோரோயுராசிலோடு சேர்ந்தபோதே அதன் ஆற்றல் புலப்பட்டது. 2000-இல் பிரெஞ்சு மருத்துவர் எய்மெரி த கிரமோன் வெளியிட்ட ஆய்வில், நோய் மீண்டும் வளராமல் நின்ற காலம் 6.2 மாதத்திலிருந்து 9 மாதமாக உயர்ந்தது. மொத்த வாழ்நாளின் உயர்வு புள்ளியியல் உறுதி பெறவில்லை. இதே காலத்தில் ஐரினோடெக்கானைச் சேர்த்த கூட்டு, வாழ்நாளை 14.1 மாதத்திலிருந்து 17.4 மாதமாக நீட்டியது.

இனி எதை முதலில் தருவது? 2004-இல் கிறிஸ்தோஃப் துர்னிகாந்தும் உடனாய்வாளரும் இதற்கு விடை தேடினர். 220 நோயாளிகளுள் ஒரு பாதியினர் ஃபோல்ஃபிரியில் தொடங்கி, நோய் வளர்ந்தபின் ஃபோல்ஃபாக்ஸுக்கு மாறினர். மறுபாதியினர் எதிர்வரிசையில் பெற்றனர். இடைநிலை வாழ்நாள் முறையே 21.5 மாதம், 20.6 மாதம். வேறுபாடு இல்லை என்றே கொள்ளவேண்டும். வேறுபட்டவை துன்பங்கள். ஃபோல்ஃபிரியில் குமட்டலும் வாய்ப்புண்ணும் முடி உதிர்தலும் மிகுதி. ஃபோல்ஃபாக்ஸில் வெள்ளணுக் குறைவும், விரல்களையும் பாதங்களையும் மரத்துப்போகச் செய்யும் நரம்புப் பாதிப்பும் மிகுதி. மூன்று மருந்துகளையும் ஏதேனும் ஒரு கட்டத்தில் பெற்றவர்களின் விழுக்காடு உயர உயர வாழ்நாளும் நீண்டது என்பதை அதே ஆண்டில் வெளியான மற்றொரு பகுப்பாய்வு காட்டியது. ஆகவே வரிசை வாழ்நாளைத் தீர்மானிக்கவில்லை. மூன்றும் எட்டும் நிலையில் இருப்பதே தீர்மானித்தது.

இவ்வரலாற்றின் மையமான திருப்பம் இதுவே. 'எம்மருந்து மேலானது' என்று நாற்பதாண்டுகள் கேட்டுவந்த வினாவுக்கு, 'முதல் தெரிவைப் பொறுத்தவரை இரண்டும் ஒப்பானவை' என்ற விடை கிடைத்தது. அவ்விடை கிடைத்த கணத்தில் வினா ஆய்வகத்தைவிட்டு நோயாளியின் வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. தையல் ஊசியையோ வீணையையோ நம்பி வாழ்பவருக்கு விரல் மரத்தல் பிழைப்பின் இழப்பு. நாள்தோறும் மக்கள்முன் நிற்பவருக்கு முடி உதிர்வது நோயை ஊரறியச் சொல்லும் அறிவிப்பு. ஆக்சாலிபிளாட்டினைச் சில சுற்றுகளோடு நிறுத்திப் பின்னர்த் தொடர்வதால் நோய்க் கட்டுப்பாடு குறைவதில்லை என்று 2006-இல் தெரியவந்தபோது, இடைவெளியும் ஒரு தெரிவாயிற்று. ஃபுளோரோயுராசிலை ஏறத்தாழ 46 மணிநேரம் சொட்டாகச் செலுத்தவேண்டும். அதற்கு மாற்றாகக் கேப்சைட்டபின் மாத்திரையைக் கொள்ளலாம் என்பது, வெளியூரிலிருந்து பெங்களூரு வந்துபோகும் குடும்பத்துக்கு மருந்தியலைவிடப் பயணத்தைப் பற்றிய செய்தி. மாத்திரைக்கும் விலை உண்டு. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரியும்.

2008-க்குப் பின் கட்டியின் மரபணுவும் இத்தெரிவில் பங்கேற்கிறது. ராஸ் மரபணு மாறிய கட்டிகளில் செட்டுக்சிமாப் பயன் தராது. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் ஆற்றலை இழந்த சிறுபான்மைக் கட்டிகளில், நோயெதிர்ப்பு மருந்தான பெம்ப்ரோலிசுமாப் கீமோதெரபியைவிட நீண்ட காலம் நோயை நிறுத்துவதை 2020-இன் ஆய்வு காட்டியது. ஆனால் இம்மருந்துகளின் விலை பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாதது. பழைய மூன்றும் எட்டுவதற்குக் காரணம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை மறுத்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 2005 வரை நீடித்த அந்நிலையில் வளர்ந்த உள்நாட்டு மருந்துத் தொழிலே அவற்றைக் குறைந்த விலையில் ஆக்குகிறது.

மரத்தின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஐரினோடெக்கானுக்கு வேண்டிய கேம்ப்டோதெசின் இன்றும் தாவரத்திலிருந்தே பெறப்படுகிறது. உலகத் தேவை உயர்ந்தபோது மேற்குத் தொடர்ச்சி மலையில் அம்மரங்கள் வேரோடும் அடியோடும் வெட்டப்பட்டன. இயற்கைத் தொகைகள் பல இடங்களில் அருகின. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆர். உமா சங்கரும் அவருடைய குழுவினரும் மரத்தின் எஞ்சிய தொகைகளை ஆராய்ந்து, அப்பொருள் செறிந்த மரங்களைத் தேடினர். மரத்தை வெட்டாமல், அதன் திசுக்களுக்குள் வாழும் பூஞ்சைகளைக் கொண்டே அப்பொருளை ஆக்கமுடியுமா என்றும் ஆராய்ந்தனர். பூஞ்சைகள் ஆக்கின; ஆனால் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது அவற்றின் ஆக்கத்திறன் குன்றியது. மரத்தைவிட்டுப் பிரிந்தபின் அந்த ஆற்றல் நிலைக்கவில்லை.

ஃபோல்ஃபிரி என்ற பெயரில் பம்பாய் ஆலைப்பெண்களும் இல்லை. சுப்பாராவும் கோவிந்தாச்சாரியும் இல்லை. மலைச்சரிவின் மரமும் இல்லை. சுருக்கப்பெயர்கள் அவ்வாறுதான் அமையும். எனினும் அப்பெயரை முதன்முறையாகக் கேட்டு நிற்கும் குடும்பத்துக்கு இவ்வரலாறு ஒரு கேள்வியைக் கையளிக்கிறது: 'இரண்டில் எது நல்லது' என்பதோடு நில்லாமல், 'இவருடைய வேலைக்கும் நாளுக்கும் எந்தத் துன்பம் தாங்கக்கூடியது, இடையில் எப்போது நிறுத்தலாம், அடுத்ததாக என்ன உள்ளது' என்று மருத்துவரிடம் கேட்பது. 1995-இல் இதே சாலையில் இதே நோயோடு நின்ற ஒருவருக்கு இக்கேள்விகளைக் கேட்க இடமிருக்கவில்லை.